வாசலில் இருக்கும் கணக்கு



அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி எடைமேடையில் ஏறி இறங்கித்தான் சிமெண்ட் ஆலைக்குள் போகும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பது வாசலிலேயே பதிவாகிவிடும். நம் மேசைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டும் அப்படியொரு வாசல்தான். அந்தக் கணக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை இது.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தகவல் வேகம் திடீரென்று படுத்துவிட்டது. தூரம் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் வெறும் 40 பிட்! லைனைக் குறை சொல்லிவிட்டுப் போகாமல் வான் ஜேக்கப்சன் போக்குவரத்தையே ஆராய்ந்தார். நெரிசலில் பாக்கெட் தொலையத் தொலைய, கம்ப்யூட்டர்கள் அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டியிருந்தன. 1988இல் அவர் இதற்குத் தீர்வை வெளியிட்டார். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் 'டிசிபிடம்ப்' கருவியும் அந்த ஆய்வகத்தில் பிறந்ததே.

ஒவ்வொரு நெட்வொர்க் வாசலிலும் வந்த பைட், போன பைட் எத்தனை என்று எண்ணும் முறையை 1991இல் வந்த 'எம்.ஐ.பி.-2' தரம் வகுத்தது. அது 32 பிட் எண்ணி. சுமார் 429 கோடி வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 100 மெகாபிட் வேகம் வந்தபோது ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்தது! அதனால் 64 பிட் எண்ணிகள் வந்தன.

நம் பெரம்பலூர் தனி மாவட்டமான 1995இல்தான், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு டோபியாஸ் ஓட்டிகர் 'எம்.ஆர்.டி.ஜி.' நிரலை வெளியிட்டார். தம் அலுவலகத்தின் ஒரே 64 கிலோபிட் லைன் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க எழுதியது அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணியைப் படித்து வரைபடமாகப் போடும்.

இவ்வளவும் படித்த நான் செய்ததைக் கேளுங்கள். வீட்டில் தினமும் காலையிலேயே டேட்டா தீர்ந்துபோனது. சேவை மையத்தில் போன் எடுத்த பையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவன் "சரி சார்" என்று கேட்டுக்கொண்டான். இரவு ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தால், நான் போட்ட பேக்கப் நிரலே எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது! மறுநாள் போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். கேட்க நினைத்த மன்னிப்பு அப்படியே நிற்கிறது.

தம்பிகளா, முதலில் வாசல் கணக்கைப் பாருங்கள். அப்புறம் யாரையும் திட்டலாம்.