கிட்டங்கி முதல் பாயான் லெப்பாஸ் வரை

கடல் கடந்த தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர்களிடமிருந்து தொடங்குவதே வழக்கம். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்ற செய்தியை மாணவர் அனைவரும் அறிவர். ஆயின், அதே கடாரக் கரைக்கு எதிரே அமைந்துள்ள பினாங்குத் தீவுக்குச் சம்பளத்தை நாடி வந்து, குறித்த காலம் உழைத்து, ஊர் திரும்பியவரும் திரும்ப இயலாது போனவருமான எளிய மனிதரின் வரலாறு அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. சோழரின் படையெடுப்பு விரைவில் முடிந்துவிட்டது. ஊழியரின் வருகையோ இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நின்றபாடில்லை.

அவ்வருகையின் இன்றைய வாயில் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸ் ஆகும். 1935-இல் அங்கு விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் அதனைச் சுற்றிலும் நெல்வயல்களும் கம்பங்களுமே நெடுங்காலம் இருந்தன. 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் தகுதியை இழந்தபோது வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாயிற்று. அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூவின் அரசு தொழிற்சாலைகளை வரவழைப்பதே வழியெனக் கண்டது. 1972-இல் நாட்டின் முதலாவது தடையற்ற வாணிக வட்டாரம் பாயான் லெப்பாசில் உருவாயிற்று. இன்டெல், ஹியூலட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, பாஷ் முதலிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தன. நெல் விளைந்த மண்ணில் மின்னணுப் பொருள்கள் உருவாகலாயின. தீவின் கிராமங்களிலிருந்தும் எதிர்க்கரையிலுள்ள செபெராங் பிறையிலிருந்தும் இளம்பெண்கள் வேலைக்கு வந்தனர். பின்னாளில் அயல்நாட்டுப் பொறியியலாளரும், நேப்பாளம், வங்காளதேசம் போன்ற நாடுகளின் தொழிலாளரும் வந்தனர்.

இவ்வட்டாரத்தின் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் காடு சூழ்ந்த ஒரு சிறு தீவு தென்படும். அதுவே புலாவ் ஜெரெஜாக். கப்பற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மேல்தளப் பயணிகள் பலர் முதலில் கால் வைத்த மண் அதுவே. அம்மை, காலரா போன்ற கொள்ளை நோய்கள் பரவாதிருக்க, அவர்களை அங்கிருந்த தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள் தங்க வைத்த பின்னரே ஜார்ஜ் டவுனுக்கோ தோட்டங்களுக்கோ செல்ல விட்டனர். அத்தீவில் தொழுநோயாளர் விடுதியும் இருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக விளங்கியது. புதிதாக வந்தவன் தன் எதிர்காலத்தை எண்ணிக் காத்திருந்த இடத்துக்கு நேர் எதிரில், இன்றைய அயல்நாட்டு ஊழியர் விமானத்திலிருந்து இறங்குகின்றனர்.

தவணை குறித்து வந்து வேலை செய்யும் முறை பினாங்குத் தமிழர்க்குப் புதிதன்று. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கைப்பற்றிய பின் வந்து சேர்ந்தோருள் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் முக்கியமானவர். அவர்களுள் பலர் இருகரையிலும் குடும்பம் உடையவராய் இருந்தனர். அவர்களை அடுத்துத் தொழில் விரித்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோ, ஊழியர் வாழ்வுக்கு ஓர் ஒழுங்கையே வகுத்திருந்தனர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். பினாங்கில் அவருடைய கடையை நடத்துபவர் சம்பளத்துக்கு வந்த மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என ஒரு வரிசை உண்டு. சம்பளம், காலம், கடமை யாவும் சம்பளச் சீட்டில் எழுதப்படும். காலம் பொதுவாக மூன்றாண்டு. அதனை ஒரு கணக்கு என்பர். சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படுமுன்பே முன்பணமாகக் கிடைக்கும். கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். சில காலம் வீட்டிலிருந்தபின் மற்றொரு கணக்குக்கு மறுபடியும் கப்பலேறுவர்.

பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளே இவர்களின் கடையும் வீடும் ஆகும். ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள் இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய், சாய்வுப் பெட்டி, பேரேடு, பத்திரங்கள் வைக்கும் அலமாரி ஆகியவையே உடைமை. பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தனர். காலையில் வட்டி வசூல், கடன் கேட்டு வருவோரிடம் விசாரணை, நண்பகலில் பொதுச் சமையல், மாலையில் வரவு செலவைச் சரிபார்த்தல் என நாள் கழியும். மனைவி மக்கள் உடன் வருவது வழக்கமன்று. கப்பலில் கடிதம் வரும் நாளே அவர்களுக்குக் குடும்பத்தைக் காணும் நாள். தந்தை ஊரிலில்லாத காலத்தில் பிறந்த குழந்தை, அவர் திரும்பும்போது நடக்கத் தொடங்கியிருப்பதும் உண்டு.

ஆண்டுக்கொருமுறை இந்த ஒடுங்கிய வாழ்வு வீதிக்கு வந்தது. 1850-களில் நகரத்தார் தண்ணீர்மலைச் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். தைப்பூசத்துக்கு முன்னாள் வெள்ளி இரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்டு அக்கோயிலை அடையும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வழியெங்கும் உடைபடும் தேங்காய்கள், மூன்றாண்டுக்கு வந்தவர்கள் நிலையாக விட்டுச்சென்ற மரபுக்குச் சான்றாகும். ஊர் திரும்புவதையே எண்ணியிருந்தவரும் வந்த மண்ணில் எதையேனும் ஊன்றிவிட்டே சென்றனர்.

ஆனால், நாள் குறித்துத் திரும்பும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்த்ததன்று. சஞ்சிக்கூலி முறையில் வந்தவருக்கும் ஒப்பந்தக் காலம் உண்டு எனினும், கடனும் நோயும் அவர்களுட் பலரைத் திரும்ப விடவில்லை. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1910-இல் சஞ்சிக்கூலி முறை ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்திருந்தோர் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறினர். 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்தது. கிட்டங்கி ஊழியருக்குத் தனி வாழ்வும், தோட்டத் தொழிலாளருக்கு லயன் வீட்டுக் குடும்ப வாழ்வும் அமைந்தன. முன்னவர் திரும்பிச் சென்றார். பின்னவரின் மக்கள் இம்மண்ணின் மக்களாயினர்.

கணக்கு முடிந்தால் ஊர் என்னும் உறுதியையும் போர் குலைத்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசினர். அவ்வாண்டு முடிவதற்குள் தீவு அவர்கள் வசமாயிற்று. தமிழ்நாட்டுக்கான கப்பல் போக்குவரத்து அறுந்தது; கடிதமும் பணமும் நின்றன. 1945 வரை, கணக்கு முடிந்தும் கப்பல் இல்லாமல் பலர் தவித்தனர். பினாங்குக்கு எதிரே, நீரிணைக்கு அப்பாலுள்ள மெடானில் வேலை பார்த்த ப. சிங்காரம் இத்தலைமுறையைச் சேர்ந்தவர். 1938-இல் பதினெட்டு வயதில் கடல் கடந்த அவர் 1946-இலேயே தாயகம் திரும்பினார். கடை ஊழியரின் நடை, பேச்சு, ஏக்கம் யாவும் அவருடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்களில் நிலைபெற்றுள்ளன. பின்னது 1972-இல், அதாவது பாயான் லெப்பாஸ் வட்டாரம் தொடங்கிய ஆண்டில், நூலாக வெளிவந்தது.

மற்றொரு சோதனை 1969-இல் வந்தது. குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தமிழர் பலர் பல்லாண்டு உழைத்த இடத்திலேயே அயலாராயினர். விண்ணப்பிக்கத் தெரியாமையும் ஆவணமின்மையும் அவர்களை வாட்டின. பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்களுட் பலர்க்குத் ‘திரும்புதல்’ என்பது தாங்கள் வளர்ந்தறியாத ஊருக்குச் செல்லுதலாகவே இருந்தது. 1926 முதல் ஓடிய ‘ரஜுலா’ 1973-இல் இப்பாதையிலிருந்து விலகியது. அதற்குப்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீக்கு இரையாகி, உயிர்ச்சேதமும் நேர்ந்ததோடு, அக்கப்பலின் பயணம் முடிவுற்றது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது.

2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு வாரக் கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. கடிதத்துக்குக் காத்திருந்த இடத்தில் கைப்பேசி முகத்தையே காட்டுகிறது. எனினும் பழைய வேறுபாடு மறையவில்லை. உயர்பதவிக்கு வரும் பொறியியலாளர் பொதுவாக மனைவி மக்களை அழைத்து வரலாம். இயந்திரத்தின்முன் நிற்கும் தொழிலாளி குடும்பத்தை அழைத்து வர அனுமதியில்லை. அவன் விடுதிக் கட்டிலில் தவணையை எண்ணிக் கிடக்கிறான். கிட்டங்கியில் பாய் விரித்தவனின் தனிமையும் அவனுடைய தனிமையும் ஒன்றே. ஆயினும், முன்னவனுக்குத் தன் இனத்தார் வகுத்த ஒழுங்கும், கோயிலும், சமையற்கட்டும் துணையிருந்தன. பின்னவனுக்குத் துணை, அவனை வேலைக்கமர்த்திய நாட்டின் சட்டமும் அம்மக்களின் மனமுமே ஆகும்.

அயல்நாட்டில் உழைப்பவனின் வாழ்வை அளக்க அவன் ஈட்டிய பொருள் மட்டும் போதாது. திரும்பும் நாளை யார் குறித்தார், குடும்பத்தோடு வாழும் உரிமை இருந்ததா, பல்லாண்டு உழைத்தபின் அந்நாடு அவனை யாரென்று கருதியது என்னும் மூன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட்டு, சிவப்புக் கார்டு, பழைய கடிதம் ஆகியவை பல வீடுகளின் பெட்டிகளில் இன்றும் கிடக்கக்கூடும். மாணவர் அவற்றைத் தேடியெடுத்து, முதியோரிடம் கேட்டுக் குறித்து வைப்பாராயின், மன்னர்களின் வரலாற்றோடு உழைத்தோரின் வரலாறும் வகுப்பறைக்கு வரும். தம் பாட்டனார் அயலாராக வந்திறங்கிய கதையை அறிந்தவர், பாயான் லெப்பாசில் இன்று வந்திறங்கும் அயலாரை அன்போடு நோக்கவும் கற்பர்.