நெல் 17 சதவீதத்துக்குக் கீழே காய்ந்துவிட்டதா? ஒருமுனைச் சோதனை அமைக்கும் முறை

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி பகுதிகளில் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் பனி அதிகம். சில ஆண்டுகளில் மழையும் சேர்ந்துகொள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஏற்றிச் சென்ற நெல்லை ஈரம் என்று ஒதுக்கிவிட்டால் மறுபடியும் கொட்டிக் காயவைக்க வேண்டும், கூலியும் இரண்டு முறை. ஆகவே, வண்டி பேசுவதற்கு முன்பே குவியலின் சராசரி ஈரம் 17-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கருதுகோள் அமைத்தல்

முதலில் "நெல் இன்னும் காயவில்லை, சராசரி ஈரம் 17 அல்லது அதற்கு மேல்" என்று வைத்துக்கொள்ள வேண்டும். இது இன்மைக் கருதுகோள். "சராசரி 17-க்குக் கீழ்" என்பது மாற்றுக் கருதுகோள். நாம் தேடுவது கீழ்ப்பக்கம் மட்டும் என்பதால் இது ஒருமுனைச் சோதனை.

ஏன் காயவில்லை என்றே தொடங்க வேண்டும்? காய்ந்த நெல்லை ஈரம் என்று நினைத்தால் ஒரு நாள் கூடுதலாகக் காயும், எடை சற்றுக் குறையும். ஈர நெல்லைக் காய்ந்தது என்று நினைத்தால் வண்டி வாடகை போகும், மூட்டைக்குள் நெல் சூடேறிக் கெடும். பெரிய நட்டம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக்குத்தான் வலுவான சான்று கேட்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

குவியலின் மேல், நடு, அடி, ஓரம் எனப் பத்து இடங்களில் ஒரே நேரத்தில் எடுக்கவும். ஒரே மூட்டையில் பத்து முறை மீட்டர் வைத்தால் அது பத்து மாதிரி ஆகாது. தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்த நெல்லையும் தரையோடு ஒட்டிய நெல்லையும் விட்டுவிட்டால் கணக்கே வீண்.

கணக்கு

உதாரணமாக, பத்து மாதிரியின் சராசரி 16.4, திட்டவிலக்கம் 0.9 என்று கொள்வோம். 0.9-ஐ 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுத்தால் 0.285. வரம்புக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் 0.6. இதை 0.285-ஆல் வகுத்தால் 2.11. பத்து மாதிரிக்கு 5 சதவீத அளவில் அட்டவணை மதிப்பு 1.833. நம் எண் அதைத் தாண்டிவிட்டதால் சராசரி 17-க்குக் கீழ் என்று கொள்ளலாம். 5 சதவீதம் என்பதன் பொருள்: சராசரி சரியாக 17-இல் நிற்கும் நூறு குவியல்களைச் சோதித்தால், ஏறக்குறைய ஐந்தைத் தவறாகக் காய்ந்தது என்போம்.

குறைந்த மாதிரிக்கான இந்த முறையை 1908-இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்ட காசெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியும் நம் நெல்லைப் போலத் தானியம்தான்!

இருமுனைச் சோதனைக்கு அட்டவணை மதிப்பு 2.262, அதில் இதே 2.11 தேறாது. அதனால்தான் எந்த முனை என்பதை மீட்டரைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு வசதியான முனையைத் தேர்ந்தெடுப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

இன்னொன்று, இது சராசரி பற்றிய கணக்கு. திட்டவிலக்கம் 0.9 என்றால் சில மூட்டைகள் 17-ஐத் தாண்டியிருக்கக்கூடும். நிலையத்தில் அந்த மூட்டையில் கருவி வைத்தால் அங்கே காட்டும் எண்தான் செல்லும். அதிக ஈரம் காட்டிய பகுதியை மட்டும் தனியே பிரித்துக் காயவைத்த பிறகே ஏற்றவும். மழைப் பருவத்தில் அரசு வரம்பைத் தளர்த்தி அறிவித்தால், 17 இருக்கும் இடத்தில் அந்தப் புதிய எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும்.