நடுக்குவாதமும் ஒரு கோப்பைக் காபியும்

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கை நடுங்கி, உடல் குனிந்து, நடை தளர்ந்த ஆறு பேரைப் பற்றியது அது. அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி! அந்த நடுக்குவாதத்தைத்தான் இன்று பார்க்கின்சன் நோய் என்கிறோம்.

மூளையின் அடிப்பக்கத்தில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோய். ஏன் அழிகின்றன?

1988-ல் ஒரு துப்பு கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் பேட்ரிக் மெக்கீர், எடித் மெக்கீர் தம்பதியின் குழு, இறந்துபோன நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தது. மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா செல்கள் அந்தக் கருநிறப் பகுதியில் கிளர்ந்தெழுந்து நின்றன. அதாவது, அங்கே அழற்சி இருந்தது.

அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் உணவு நோயைத் தடுக்குமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் ஆசை காட்டின.

முதலாவது ஹவாய் தீவிலிருந்து வந்தது. அங்கு வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 102 பேருக்கு நோய் வந்தது. காபியே குடிக்காதவர்களுக்கு, அதிகம் குடித்தவர்களைவிட நோய் சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்று 2000-ல் முடிவு வெளியானது. காபியிலுள்ள காஃபீன் மூளைச் செல்களைக் காப்பதாக விலங்குச் சோதனைகளும் சொல்கின்றன.

இரண்டாவது அமெரிக்காவில், சுமார் 1,30,000 பேரிடம் நடந்தது. ஸ்ட்ராபெரி, புளூபெரி போன்ற பழங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்ததாக 2012-ல் அறிவித்தார்கள்.

அப்புறம் என்ன, நோயாளிக்குக் காபி கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். காஃபீன் மாத்திரை தந்து நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. நடுக்கமோ விறைப்போ குறையவில்லை. வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த சோதனையும் 1993-லேயே கைவிரித்துவிட்டது.

ஏன் இந்த முரண்பாடு? கை நடுங்கத் தொடங்கும்போதே செல்களில் பெரும் பகுதி அழிந்திருக்கும். தீப்பிடிக்காமல் காப்பது வேறு, எரிந்த வீட்டை எழுப்புவது வேறு. இன்னொன்றும் உண்டு. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மோப்பசக்தி குறைந்துவிடுகிறது. மணம் தெரியாதவர் காபியைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் காபி குடிக்காததால் நோய் வந்ததா, நோய் தொடங்கியதால் காபி குறைந்ததா? ஒருவரை ஒரு முறை கேட்டுவிட்டுப் போகும் ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஹவாய் ஆய்வின் 30 ஆண்டுப் பொறுமைக்கு மதிப்பு அங்கேதான்.

நம் வீட்டு மஞ்சளுக்கும் இது பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் அது அழற்சியைத் தணிக்கிறது. ஆனால் மனிதர்களுக்கு இந்த நோயைத் தடுக்கும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பழமும் மஞ்சளும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அவற்றை நம்பி, நடுங்கும் தாத்தாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.