தெருவில் பந்தல் போட யாரைக் கேட்பது?

ஏழைகளுக்கு உதவி திரட்ட, திருவள்ளூர்க் கடைத்தெருவில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிறுத்த வேண்டுமா? அதற்கான விதி நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நகராட்சித் தெருவில் தற்காலிகப் பந்தலுக்குப் போலீஸ் இசைவோடு உரிமம் தரலாம் என்றது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். கோயில் பந்தலா, மாதா சப்பரமா, கந்தூரியா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. தெரு பொதுச்சொத்து, ஆகவே எல்லோரும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்தச் சமநீதிதான் அதன் பலம் என்பேன். 2023இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

தர்மத்துக்கு எதற்கு உரிமம் என்று கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கன்டெய்னர் லாரிகள் திரும்பும் முனையில், தாரைக் குடைந்து கம்பம் நட்டு, மின்கம்பியில் கொக்கி போட்டால் என்ன ஆகும்? 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். நல்ல நோக்கம் கம்பத்தைத் தாங்கிப் பிடிக்காது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் என்றால் பேரூராட்சி அனுமதி மட்டும் போதாது, நெடுஞ்சாலை நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.

கட்சி வளைவுகள் கேட்காமலே முளைக்கின்றனவே என்பது நியாயமான கோபம். அதற்கு மருந்து விதியை எல்லோருக்கும் அமலாக்குவதுதான், கைவிடுவதல்ல. விநாயகர் சிலைகளுக்கு 2018இல் அரசு வகுத்ததுபோல் உள்ளாட்சி, போலீஸ், தீயணைப்பு, மின்வாரிய அனுமதிகளை வரையறுத்து, அவற்றை ஒரே இடத்தில், டிசம்பருக்கு முன்பே கிடைக்கச் செய்யுங்கள்.