மலர்வளையமா, தோரணமா? வாடாத பூக்களின் கதை

காய்ந்த பூக்களை வளையமாகக் கட்டி வாசக்கதவில் மாட்டுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆசைப்பட்டு ஒன்று செய்து மாட்டினால், வீட்டுப் பெரியவங்க முதலில் என்ன சொல்லுவாங்க? "மலர்வளையத்தைக் கொண்டுவந்து யாராவது வாசல்ல மாட்டுவாங்களா? கழட்டு முதல்ல." கூடவே இன்னொன்றும் வரும்: "காஞ்ச பூ வீட்டுல இருக்கக் கூடாது."

இதை வெறும் மூடநம்பிக்கைன்னு தள்ளிவிட வேண்டாம். அந்தக் கோபத்துக்குள்ள ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

வளையம் எப்படி சாவோடு சேர்ந்தது?

முதலில் பிரான்ஸுக்குப் போவோம். 1804-ல் பாரிஸில் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் கல்லறைகளுக்கு வளையம் வைக்கிற பழக்கம் அங்கே பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. அதற்கு ஏற்ற பூ, தெற்கே புரொவான்ஸ் பகுதியில் விளைந்த ஒரு மஞ்சள் பூ. காய்ந்தாலும் நிறம் போகாது. அதனால் அதுக்கு 'இம்மார்டெல்'னு பேர், அதாவது 'சாகாதது'. பூ காய்ந்துபோகும், ஆனா நினைவு வாடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

புதுச்சேரி 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றைக்கும் கடற்கரைச் சாலையில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து மரியாதை செய்றாங்க. நமக்கு மலர்வளையம்னா நினைவிடம், சவப்பெட்டி, அரசியல் தலைவரின் இறுதி அஞ்சலி. வீட்டு அலங்காரமாக அந்தச் சொல் நம்மிடம் புழங்கவே இல்லை. பாட்டிக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

தலையில் சூடிய வளையம்

ஆனால் பூ வளையம் நமக்குப் புதுசு கிடையாது. சங்க இலக்கியத்தில் தலையில் சூடுகிற பூ வளையத்துக்குக் 'கண்ணி'ன்னு பேர். கழுத்தில் அணிந்தால் தார், கோதை, மாலை. சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மூவேந்தரை அடையாளம் காட்டியதே இந்தப் பூக்கள்தான்.

வாடாத பூ என்கிற யோசனையும் அப்போதே இருந்தது. பாணருக்கு அரசர்கள் பொன்னால் செய்த தாமரைப் பூவைப் பரிசாகக் கொடுத்தாங்க. வாடாத பூ வேண்டும்னா தங்கத்தில்தான் செய்யணும் என்ற காலம் அது.

பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து ஒரு செடி வந்தது. நம்ம ஆளுங்க அதைப் பார்த்து வைத்த பெயர், வாடாமல்லி. ஐரோப்பாவில் இந்தச் செடியின் குடும்பத்துக்கு அமராந்த் என்று பெயர். அந்த கிரேக்கச் சொல்லுக்கும் 'வாடாதது' என்றுதான் அர்த்தம். ரெண்டு ஊர்க்காரங்களும் தனித்தனியாகப் பார்த்து ஒரே பெயரை வைச்சிருக்காங்க!

வாடாமல்லி ஏன் வாடுவதில்லை? நாம் பூ இதழ்னு நினைக்கிற அந்த ஊதா உருண்டை உண்மையில் இதழே இல்லை. தாள் மாதிரி இருக்கிற பூவடிச் செதில்கள். அசல் பூ அதுக்குள்ளே பொடியாக ஒளிந்திருக்கும். செதில்களில் ஈரம் குறைவு. அதனால் காய்ந்தபிறகும் வடிவம் குலையாது.

சாமிக்கு ஒரு சட்டம், வாசலுக்கு ஒரு சட்டம்

இப்போ பாட்டியின் ரெண்டாவது கோபத்துக்கு வருவோம். சாமி படத்துக்கும் தலைக்கும் வைக்கிற பூ அன்றைக்குப் பூத்ததாக இருக்கணும். வாடினால் எடுத்துடணும். இது ஒரு சட்டம்.

ஆனா வாசலைப் பாருங்க. பண்டிகைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து பழுப்பாகி, அடுத்த பண்டிகை வரைக்கும் அங்கேயே தொங்கும். யாரும் தப்பு சொல்றதில்லை. நெல் விளைகிற ஊர்களில் கதிர்களைக் கொத்தாகப் பின்னி முற்றத்தில் தொங்கவிடுவாங்க. குருவிகள் வந்து கொத்தித் தின்னும். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை. குளம், ஏரிகளில் வளர்கிற நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டை வெட்டி, காயவைத்து, சாயம் ஏற்றிக் கோர்க்கிற மாலை அது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் இன்னமும் செய்றாங்க. மலிவான பிளாஸ்டிக் மாலையோடு போட்டி போட்டுத்தான் அது சந்தையில் நிக்குது.

ஆக, காய்ந்த செடியால் செய்த அலங்காரம் நம்மிடம் எப்பவும் இருந்தது. அதை நாம் மலர்வளையம்னு கூப்பிடலை, தோரணம்னு கூப்பிட்டோம். அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் காய்வது

இன்னொரு வேடிக்கை. 'காஞ்ச பூ ஆகாது'ன்னு சொல்ற இதே தமிழ்நாட்டில்தான் காய்ந்த பூ ஏற்றுமதிக்குப் பெயர்போன தூத்துக்குடி இருக்கு. உப்பைக் காய்ச்சுகிற அதே வெயிலும் காற்றும் பூவையும் காயவைக்கும். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகமும் பக்கத்திலேயே. பூக்கள் மட்டுமல்ல, தாமரைக் காய், விதைக்கூடுகள், ஓலை என எல்லாம் காய்ந்து, சாயமேறி, வெளிநாட்டு வீடுகளுக்குக் கப்பலேறுது. நம்ம ஊர்க் கைகளின் வேலை, நம்ம வாசலைத் தாண்டிப் போய் யாரோ ஒருவர் கதவில் தொங்குது.

பண்டசோழநல்லூர் வளையம்

சரி, நீங்களே ஒன்று கட்டணும்னா? கடையில் எதுவும் வாங்கவேண்டாம். புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்தில் இருக்கிற பண்டசோழநல்லூர் மாதிரி ஒரு நெல்வயல் ஊரே போதும். ஊர்ப் பெயரிலேயே சோழன் இருக்கான்.

அறுவடைக்குப் பிறகு கிடைக்கிற வைக்கோலைப் பிரியாக முறுக்கி வட்டமாகக் கட்டுங்க. அதுதான் சட்டம். வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் முழுசாக மலர்ந்ததும், பனி உலர்ந்தபிறகு, நீளக் காம்போடு பறிங்க. சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்க. தலைகீழாகத் தொங்கினால் காம்பு நேராகக் காயும். நேர் வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துடும். ரெண்டு மூணு வாரத்தில் காம்பு படக்குன்னு ஒடிந்தால் தயார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் முயற்சி பண்ணாதீங்க, பூஞ்சை பிடிச்சிடும். கடைசியா, ஒவ்வொரு கொத்தையும் முந்தைய கொத்தின் காம்பு மறைகிற மாதிரி வைத்து நூலால் சுற்றிக் கட்டுங்க. நடுவே நாலு நெற்கதிர்.

வாசலில் மாட்டும்போது பாட்டி கேட்டால், "மலர்வளையம் இல்ல பாட்டி, தோரணம். வட்டமா கட்டியிருக்கேன்"னு சொல்லுங்க. அது சமாளிப்பு இல்லை, வரலாறும் அதைத்தான் சொல்லுது. குருவி வந்து அந்த நெல்லைக் கொத்தினால் பாட்டியே கழட்ட விடமாட்டாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.