மெய்நிகர்ப் பொறியும் பங்கீட்டு ஏடும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயல் நிலங்களோடு பழகியோர்க்கு வட்டவிதானை என்னும் பதவிப் பெயர் புதியதன்று. வாய்க்கால் நீர் எந்தக் கண்டத்துக்கு எப்பொழுது, எவ்வளவு செல்லவேண்டும் என்பதைக் கவனித்தவர் அவர். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டு இங்கினியாகலையில் பெருநீர்த்தேக்கம் எழுந்த பின்னரும் பங்கீடு பற்றிய வினா மறையவில்லை. அது மேலும் பெரிதாயிற்று. மூலம் ஒன்று, வேண்டுவோர் பலர். தலைப்பில் உள்ளோர் அளவுக்கு மேல் எடுப்பின் கடைக்கோடி வயல் காயும். பொது வளமொன்றைத் தனித்தனி உரிமைகளாக வகுப்பது எங்ஙனம் என்னும் இதே வினா 1960களில் கணினித் துறையிலும் எழுந்தது. அன்று கண்ட விடையின் மீதே இன்றைய மேகக் கணிமை நிற்கின்றது.

மேகம் என்னும் பெயர் சற்று மயக்கந் தருவது. உண்மையில் அது குளிரூட்டப்பட்ட பெருங் கட்டடங்களில் அடுக்கப்பட்டுள்ள கணினிகளின் தொகுதியே. அவற்றுள் ஒன்றை முழுமையாக ஒருவர்க்குக் கொடுப்பது அரிது. ஒரு கணினியைப் பல கணினிகள் போலத் தோன்றச் செய்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர்க்கு அளிப்பர். அவ்வாறு தோன்றுவதே மெய்நிகர்ப் பொறி எனப்படும். அதற்கு எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எத்துணைத் தட்டு இடம், எவ்வகை வலையிணைப்பு என்பவற்றைக் குறித்துக் கொடுப்பதே வன்பொருளை உருவமைத்தல் ஆகும். ஆணி, திருகு எதுவும் இன்றி எழுத்தினாலேயே ஒரு கணினியைச் செய்யும் வேலை இது.

இதன் தொடக்கத்தை ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் காணலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1964 இல் அங்கு ஓர் அறிவியல் நிலையத்தை நிறுவியது. கணினி மிகுந்த விலையுடையதாய் இருந்த காலம் அது. ஒருவர் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காக நெடுநேரம் காத்திருத்தல் வழமை. இதனை மாற்ற நேரப்பகிர்வு முறை அயலிலுள்ள மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961 இலேயே பரிசோதிக்கப்பட்டிருந்தது. றொபேட் கிறீசி முதலானோர் இன்னும் ஒரு படி மேற்சென்றனர். பயனர்களிடையே நேரத்தை மட்டும் பங்கிடாது, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினியே இருப்பதாகத் தோன்றும்படி செய்தால் என்ன என்பதே அவர்தம் எண்ணம். சி.பி.-40 என்னும் அம்மென்பொருள் 1967 சனவரியில் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே வேளையில் பதினான்கு மெய்நிகர்ப் பொறிகளை அது இயக்கியது. ஒவ்வொன்றினதும் நினைவகம் 256 கிலோபைற்று, கூடவுமில்லை, குறையவுமில்லை. அது இயங்கிய சிஸ்டம்/360 மாதிரி 40 என்னும் கணினி வகை கொள்ளக்கூடிய உச்ச நினைவகமே 256 கிலோபைற்றுத்தான் என்பது ஈண்டு கருதத்தக்கது. பதினால்வருக்கும் முழுக் குளத்தையே எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது இது. எல்லோரும் ஒரே கணத்தில் எல்லாவற்றையும் கேட்பதில்லை என்ற நம்பிக்கையும், வேண்டாத பகுதியைத் தட்டுக்கு மாற்றி வேண்டும்பொழுது மீட்கும் நுட்பமுமே இதனை இயலச் செய்தன.

அளவைத் தெரிவு செய்யும் உரிமை சற்றுப் பிந்தியே வந்தது. 1972 ஓகஸ்ற் மாதம் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 முறைமையில் ‘டிரெக்டரி’ என்னும் ஏடு ஒன்று இருந்தது. உருவமைத்தலின் வரலாற்றில் அது ஒரு முக்கிய ஆவணம் எனலாம். ஒவ்வொரு பயனருக்கும் அதில் சில வரிகள் உண்டு: பெயர், கடவுச்சொல், நினைவக அளவு, பின்னர் பொறிக்குரிய கருவிகள். 009 என்னும் இலக்கத்தில் இயக்குமுனை, 00சி இல் அட்டை வாசிப்பான், 00டி இல் அட்டைத் துளைப்பான், 00ஈ இல் அச்சுப்பொறி, 191 இல் பயனரின் சொந்தத் தட்டு. இவற்றுள் அட்டை வாசிப்பானும் துளைப்பானும் மெய்யாக இருந்தவையல்ல. ஒருவர் ‘துளைத்த’ அட்டைகள் கடதாசியைத் தொடாமலே இன்னொருவரின் ‘வாசிப்பானை’ அடைந்தன. சொந்தத் தட்டு என்பதும் பெருந்தட்டொன்றின் சில உருளைகளே. இந்த ஏட்டை எழுதும் அதிகாரம் கணினி நிலையத்து நிருவாகிக்கே உரியது. வட்டவிதானையைப் போல அவரை நேரில் கண்டு கேட்கவேண்டும்.

இதன்பின் இரு தசாப்தங்களுக்கு மேலாக இத்துறை பெரும்பாலும் பேருருக் கணினிகளோடு நின்றுவிட்டது. மேசைக் கணினி மலிந்தபோது பகிர்வின் தேவை குறைந்ததாகக் கருதப்பட்டது. 1998 இல் தோன்றிய வி.எம்.வெயார் நிறுவனம் சாதாரணச் செயலிகளிலும் மெய்நிகர்ப் பொறிகளை இயக்கிக் காட்டியது. 2003 இல் ‘சென்’ என்னும் திறந்த மென்பொருள் இங்கிலாந்துக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒரே பெயருடைய இரு நகரங்கள் இவ்வரலாற்றில் இடம்பெறுதல் தற்செயலே.

2006 ஓகஸ்றில் அமேசன் நிறுவனம் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. அதனை ஆக்கிய குழுவினர் தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் இருந்து பணிபுரிந்தனர் என்பது பலர் அறியாதது. அன்று கிடைத்த பொறி ஒரே வகையினதே: 1.7 கிகாஹேட்ஸ் செயலிக்கு ஒப்பான திறன், 1.75 கிகாபைற்று நினைவகம், 160 கிகாபைற்றுத் தட்டு; வாடகை மணிக்குப் பத்து சதம், அமெரிக்க நாணயத்தில். 1967 இன் 256 கிலோபைற்றைப் போலவே இங்கும் தொடக்கம் ஓரளவிலேயே அமைந்தது. அடுத்த ஆண்டு பெரிய அளவுகள் சேர்ந்தன. 2015 இல் கூகுள் நிறுவனம் செயலி எண்ணிக்கையையும் நினைவகத்தையும் பயனரே விரும்பியவாறு பொருத்திக்கொள்ள வழிசெய்தது. ஏட்டை எழுதும் கை இவ்வாறு நிருவாகியிடமிருந்து பயனரிடம் மாறியது.

ஆயினும் எழுதிய அளவும் கிடைக்கும் அளவும் எப்பொழுதும் ஒன்றல்ல. மெய்நிகர்ச் செயலி ஒன்று பெரும்பாலும் மெய்ச் செயலிக் கருவொன்றின் இரு இழைகளுள் ஒன்றேயாகும். விலை குறைந்த சில வகைகளில், பொறி ஓய்ந்திருக்கையில் திறன் வரவு சேர்ந்து, வேலை மிகும்போது செலவாகும். வரவு தீர்ந்ததும் வேகம் தளரும். சில முறைமைகளில் உள்ளதைவிடக் கூடிய நினைவகம் வாக்களிக்கப்படுவதும் உண்டு. அந்நிலையில் நெருக்கடி நேரின், பொறியினுள் ‘பலூன்’ போன்ற சிறு மென்பொருள் ஊதிப் பெருத்து நினைவகத்தைத் திரும்பப் பெறும் நுட்பம் 2002 இல் விளக்கப்பட்டது. எதனை விட்டுக்கொடுப்பது என்பதைப் பொறியே தீர்மானிக்கும். தலைப்பார் கடையார் பிணக்குக்கு இத்துணை நயமான தீர்வு நீர்ப்பாசனத்தில் கிட்டவில்லை.

ஏட்டில் அளவு மட்டுமன்றி இடமும் ஒரு வரியாகும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பொறியொன்றை உருவமைக்கையில், அது இருக்கவேண்டிய வலயம் எதுவென்றும் கேட்கப்படுவார். அண்மையில் உள்ளவை சிங்கப்பூர், சென்னை, மும்பாய் போன்றவை. தொலைவு கூடக் கூட மறுமொழி தாமதிக்கும்; ஆதலால் அருகே இருப்பது நன்று என்பது பொது விதி. ஆனால் இக்கரையோரத்தார்க்கு அருகிருப்பதன் மறுபக்கமும் தெரியும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய இடங்களில் மனிதரோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி என்பனவும் போயின. பத்திரத்தின் ஒரே பிரதி வீட்டுப் பெட்டியில் இருந்தது. பெட்டி கடலில் சேர்ந்தது. காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கென இலங்கைத் தொண்டர்கள் அப்பொழுதே ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். பின்னர் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2010 இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது.

இடத்தைச் சரியாக எழுதினாலும், பிரதி பற்றிய வரியை எழுதாது விடுவோர்க்கு நேர்வதை 2023 காட்டியது. அவ்வாண்டு ஓகஸ்றில் இலங்கை அரச மேகக் கணிமையில் பணம் பறிக்கும் தீநிரல் புகுந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான தரவுகள் மீளாதொழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. இயங்கிய அஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டு வெளியீடு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ற் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்ததாகவும் நிதிக் கட்டுப்பாட்டால் தாமதித்ததாகவும் பொறுப்பான முகவரகம் கூறியது. செயலியோ நினைவகமோ போதாமையால் நேர்ந்த இழப்பன்று இது.

மெய்நிகர்ப் பொறியை உருவமைக்கும் படிவத்தில் செயலி, நினைவகம், தட்டு ஆகியன முன்வரிசையில் நிற்கும். அவற்றை நிரப்பாமல் பொறி பிறக்காது. காப்புப் பிரதிக்கான கட்டம் பல சேவைகளில் சற்றுத் தள்ளியே உள்ளது. அதனை வெறுமையாக விட்டாலும் பொறி இயங்கத் தொடங்கிவிடும். நிரப்பினால் தனிக் கட்டணம் சேரும்.