விமானத்தின் எண்ணெய் டாங்கியும் அதற்கு வந்த விதிகளும்

ஆகாய விமானத்தின் இறக்கை பறப்பதற்காக மட்டுமே அமைந்தது என்றுதான் பிரயாணிகளில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், பெரிய விமானங்களின் இறக்கை அதன் பெரும்பகுதியில் ஓர் எண்ணெய்க் கிடங்கே ஆகும். இரண்டு இறக்கைகளும் உடலோடு சேருமிடத்தில், பிரயாணிகள் காலூன்றி உட்கார்ந்திருக்கும் தரைக்கு அடியிலே, நடு டாங்கி என்று ஒன்றும் பல விமானங்களில் உண்டு. இதற்கென்று தனியே ஒரு பாத்திரத்தைச் செய்து உள்ளே வைப்பதில்லை. இறக்கையின் உலோகத் தகடுகளே சுவர்களாக நிற்க, அவை ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் ரப்பர் போன்ற ஒரு பசையைப் பூசி, ஒழுகாதபடி அடைத்துவிடுகிறார்கள். அந்த அறைகளுக்குள் மின்கம்பிகள் போகின்றன, பம்புகள் சுழல்கின்றன, எண்ணெயின் அளவைக் காட்டும் கருவிகள் நிற்கின்றன. பழுது ஏதேனும் நேர்ந்துவிட்டால் மனிதனும் போகிறான். இந்தக் கலத்தைப் பழுது பார்ப்பதற்கு இன்று எழுதி வைத்திருக்கும் பாதுகாப்பு விதிகளைப் படிப்பவர்களுக்கு அவை வறண்ட சாஸ்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தேதியும், ஓர் இடமும், இறந்துபோனவர்களின் ஜாபிதாவும் இருக்கின்றன.

அந்த வரிசையில் முதலில் குறிப்பிட வேண்டியது 1963 டிசம்பர் 8. அன்றிரவு அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், எல்க்டன் என்னும் ஊருக்கு அருகே, இறங்குவதற்கு உத்தரவு எதிர்பார்த்து ஆகாயத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த பான் அமெரிக்கன் கம்பெனியின் போயிங் 707 விமானத்தை மின்னல் தாக்கியது. இடது இறக்கையின் கடைசி டாங்கியிலிருந்த ஆவி வெடித்து, இறக்கையின் வெளிப்பகுதி பிய்ந்துபோக, அதிலிருந்த 81 பேரும் மாண்டார்கள். மின்னல் விமானத்தைத் தொடுவது புதிய செய்தி அன்று. உலோக உடலின் மேலாக ஓடிக் காற்றில் கலைந்துவிடும் என்றுதான் அதுவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த விமானத்தின் டாங்கிகளில் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளோடு, அதைவிட எளிதில் ஆவியாகும் மற்றொரு வகையும் கலந்திருந்தது. விசாரணைக்குப் பிறகு, தேங்கும் மின்சாரத்தைக் காற்றில் கழித்துவிடும் சிறு திரிகளை இறக்கை நுனிகளில் பொருத்தவும், மின்னல் பாயும்போது டாங்கிக்குள் பொறி எழாதபடி விமானத்தை நிர்மாணிக்கவும் விதிகள் பிறந்தன. இவையெல்லாம் விமானத்தை வரைகிறவனுக்கும் கட்டுகிறவனுக்கும் இடப்பட்ட கட்டளைகளே. கட்டி முடித்த விமானத்தை இருபது முப்பது ஆண்டுகள் வைத்துப் பராமரிக்கும் மெக்கானிக்கைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

அந்தக் காலத்துச் சித்தாந்தம் எளிமையானது. டாங்கிக்குள் ஆவி இருக்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. ஆகவே பொறி மட்டும் உள்ளே புகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நிபுணர்கள் நம்பினார்கள். ராணுவத்தார் அப்படி நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிரியின் குண்டு டாங்கியைத் துளைக்கும் என்பது அவர்களுக்குப் பிரத்தியட்சமான அபாயம் ஆகையால், இரண்டாம் உலக யுத்தத்திலேயே சோவியத் நாட்டாரின் சில சண்டை விமானங்களில் யந்திரத்தின் புகையைக் குளிரச் செய்து டாங்கிக்குள் செலுத்தி, பிராணவாயுவைக் குறைத்துவைத்தார்கள். பிரயாணிகள் விமானத்துக்கு அத்தகைய ஏற்பாடு வீண் செலவு, வீண் பாரம் என்று கம்பெனிகள் கருதின. 1990 மே 11-ஆம் தேதி மணிலா விமான நிலையத்தில், பிலிப்பைன் ஏர்லைன்ஸைச் சேர்ந்த போயிங் 737 ஒன்று புறப்படுவதற்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தபோது, எண்ணெய் நிரப்பாமல் பல வாரங்கள் விடப்பட்டிருந்த அதன் நடு டாங்கி வெடித்து 8 பேர் இறந்தார்கள். அதுவும் சித்தாந்தத்தை அசைக்கவில்லை.

அசைத்தது 1996 ஜூலை 17. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 800-ஆம் எண் விமானம், கிளம்பிய பன்னிரண்டாவது நிமிஷத்தில், லாங் ஐலண்டுக்குத் தெற்கே கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 230 பேர் மாண்டார்கள். குண்டு வைத்தார்கள் என்றும், ஏவுகணை தாக்கிற்று என்றும் ஊரெங்கும் வதந்தி. மத்தியப் போலீசார் பதினாறு மாதங்கள் துப்பறிந்து, குற்றச்செயலுக்கு அத்தாட்சி இல்லை என்று விலகிக்கொண்டார்கள். விபத்து விசாரணை வாரியத்தாரோ, கடலின் அடியிலிருந்து விமானத்தின் 95 சதவிகிதத்தை வெளியே எடுத்து, கால்வெர்டனில் கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய விமானத் தொழிற்சாலைக் கொட்டகையில் துண்டு துண்டாகச் சேர்த்து நிறுத்தினார்கள். உடைந்த தகடுகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன, புகைக்கரி எந்தத் துண்டில் படிந்து எந்தத் துண்டில் படியாமலிருக்கிறது என்று நோக்கி நோக்கி, விபத்து நடு டாங்கியில்தான் தொடங்கியது என்பதை நிலைநாட்டிய அந்தப் பொறுமையை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

டாங்கியில் அன்று ஏறக்குறைய 50 காலன் எண்ணெய்தான் இருந்தது. 12,000 காலனுக்கு மேல் கொள்ளக்கூடிய கலத்தில் அது அடிமண்டிக்குச் சமம். நிறைந்த டாங்கியைவிட ஏறத்தாழக் காலியான டாங்கிதான் அபாயமானது என்பது நம் வீடுகளில் மண்ணெண்ணெய் டின்னைக் கையாண்ட பழைய தலைமுறையினருக்குத் தெரிந்ததே. அந்த டாங்கிக்கு நேர் கீழே, பிரயாணிகளுக்குக் குளிர்காற்று தரும் யந்திரங்கள் இருந்தன. வெயிற்காலத்தில், தாமதப்பட்டு நிலையத்திலேயே நின்றுவிட்ட விமானத்தில், மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குளிர்ச்சி கொடுப்பதற்காக அந்த யந்திரங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடியதால் கீழே எழுந்த உஷ்ணம் முழுவதும் டாங்கியின் அடித்தட்டில் ஏறி, மிச்சமிருந்த எண்ணெயை ஆவியாக்கிக்கொண்டே இருந்தது. பிறகு விமானம் ஏறத் தொடங்கிற்று. உயரே போகப் போக ஆவி தீப்பற்றுவதற்கு வேண்டிய வெப்பமும் குறைந்துகொண்டே போகும் ஆதலால், 13,000 அடியைக் கடந்த வேளையில் டாங்கி ஒரே ஒரு பொறிக்காகக் காத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பொறியின் அளவோ அற்பம். ஒரு ஜூலில் ஆயிரத்தில் கால் பங்குச் சக்தி இருந்தாலே போதும்.

பொறி எங்கிருந்து வந்தது என்று நூற்றுக்கு நூறு நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று 2000 ஆகஸ்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட வாரியத்தாரின் அறிக்கை கூறியது. டாங்கிக்கு வெளியே ஒரு மின்கம்பி மற்றொன்றோடு உரசி, எண்ணெய் அளவைக் காட்டும் மெல்லிய கம்பி வழியாக மிகையான மின்சாரம் உள்ளே புகுந்திருக்கக்கூடும் என்பதே அவர்களுடைய முடிவு. இந்த முடிவைவிட, அதைத் தேடிச் செல்லும் வழியில் அவர்கள் கண்டவைதான் வரலாற்றைத் திருப்பின. அதே வயதுடைய மற்ற விமானங்களைத் திறந்து பார்த்தபோது, கம்பிக் கற்றைகளின் மேல் துளைபோட்ட காலத்து உலோகச் சீவல்கள் கிடந்தன. பஞ்சும் தூசியும் படிந்திருந்தன. கம்பியின் உறை தேய்ந்திருந்தது. யாரோ எப்போதோ செய்த ஒட்டுவேலைகள் நூலில் சொன்ன முறைக்கு மாறாக இருந்தன. விமானம் வரைபடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் பலர் கைபட்ட பிறகு அது வரைபடத்திலிருந்த விமானமாக இல்லை.

2001 மார்ச்சில் பாங்காக்கில், அந்நாட்டுப் பிரதம மந்திரி ஏறவிருந்த ஒரு போயிங் 737-இன் நடு டாங்கி நின்ற இடத்திலேயே வெடித்து ஒரு சிப்பந்தி இறந்தார். அமெரிக்க விமானத்துறை அதிகாரிகளின் எஸ்.எஃப்.ஏ.ஆர். 88 என்னும் சிறப்பு விதி அவ்வாண்டு மே மாதம் வெளியாயிற்று. ஒவ்வொரு விமானத்தின் எண்ணெய் அமைப்பையும் புதிதாகப் பார்ப்பதுபோல ஆராய்ந்து, எந்தெந்த அம்சம் மாறினால் பொறி எழக்கூடும் என்று கண்டுபிடித்து, அவற்றைத் தொடக்கூடாத எல்லைகளாகக் குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் இவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும். இந்தப் பம்பை இன்ன முறையில்தான் பிரித்துச் சேர்க்க வேண்டும். இந்தத் தகட்டுக்கும் உடலுக்கும் இடையே மின்சாரம் தடையின்றி ஓடுகிறதா என்று அளந்து எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் பராமரிப்பு நூல்களில் எச்சரிக்கைகள் ஏறின. அவற்றை மீறினால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றதாகிவிடும். ஐரோப்பியர்களும் இதே வழியைப் பின்பற்றி, டாங்கிப் பாதுகாப்பில் பயிற்சி பெறாதவர்கள் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று விதித்தார்கள். அந்த ஐரோப்பிய விதிகளைத் தழுவி நம் நாட்டிலும் அந்தப் பயிற்சி வந்தது. 2008-இல் அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போய், டாங்கிக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்றைச் செலுத்தி ஆவியைத் தீப்பற்றாமல் செய்யும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். யுத்த காலத்து யோசனை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பிரயாணிகளின் விமானத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே, பாதுகாப்புக்காகச் சொன்ன யோசனையைப் பின்பற்றப் போனதாலேயே நேர்ந்த விபத்து ஒன்று உண்டு. 2007 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, தைவானிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் ஓகினாவாவிலுள்ள நாஹாவில் இறங்கி, நிற்குமிடத்துக்கு வந்தவுடன் எரியத் தொடங்கியது. குழந்தைகள் உட்பட 165 பேரும் உயிர் தப்பினார்கள் என்பது அதிசயந்தான். இறக்கையின் முன்விளிம்பில், இறங்கும்போது முன்னே நீண்டு பிறகு உள்ளே வாங்கிக்கொள்ளும் பலகை ஒன்றுண்டு. அதைத் தாங்கும் தண்டவாளம், டாங்கிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஓர் உறைக்குள் போய் அடங்கும். அந்தத் தண்டவாளத்தின் கோடியிலிருந்த போல்ட்டு கழன்று உறைக்குள் விழ, பலகை உள்ளே வாங்கியபோது தண்டவாளம் அதை ஆணிபோல் அழுத்தி டாங்கியின் சுவரைத் துளைத்துவிட்டது. போல்ட்டு ஏன் கழன்றது? அதன் நட்டு தளர்ந்துபோகிறதென்று கேள்விப்பட்ட உற்பத்தியாளர், பூட்டும் பசை போட்டு அதை இறுக்கும்படி கம்பெனிகளுக்கு எழுதியிருந்தார். அதன்படி விபத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு வேலையும் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கில் கையை விட்டு நட்டைக் கழற்றியபோது அதன் வாஷர் விழுந்திருக்க வேண்டும். விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வாஷர் இல்லாத நட்டு அது நிற்க வேண்டிய துவாரத்தைவிடச் சிறியது. ஆகவே எவ்வளவு இறுக்கினாலும் அது வழுவிக்கொண்டு வரத்தான் செய்யும். ஜப்பானிய விசாரணையாளர்கள் மெக்கானிக்கின் தலையில் மட்டும் பழியைப் போடவில்லை. ஒரு வாஷர் விழுந்தால் எல்லாமே கழன்று வரும்படி அமைத்ததும், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் செய்யும் அந்த வேலையின் கஷ்டத்தை எழுதுகிறவர்கள் எண்ணிப் பாராததும் சேர்ந்தே காரணம் என்றார்கள். நியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது.

இதுவரை சொன்னது விமானத்தின் சரித்திரம். டாங்கிக்குள் இறங்கும் மனிதனின் சரித்திரம் வேறு. அது இதைவிட மெதுவாகவே நடந்தது. இன்று ஒருவன் உள்ளே போவதென்றால், எண்ணெயை முழுவதும் இறக்கி, விமானத்தைத் தரையோடு கம்பியால் இணைத்து, காற்றை மணிக்கணக்கில் செலுத்தி, ஆவி தீப்பற்றும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டதா, பிராணவாயு போதிய அளவில் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பின்னரே அனுமதி. பருத்தி உடை, பையில் ஒன்றும் இருக்கக்கூடாது, பொறி கிளம்பாத விளக்கு. இறக்கையின் அடியிலுள்ள முட்டை வடிவத் திறப்பு, ஒரு கையை முதலில் நீட்டித் தோளைச் சரித்து நுழைக்கிறவனுக்கு மட்டுமே இடம் கொடுக்கும். அவன் வெளியே வரும்வரை திறப்பின் வாயிலில் மற்றொருவன் வேறு வேலை எதையும் தொடாமல், குரல் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஆஸ்திரேலிய விமானப்படையின் ஆம்பர்லி தளத்தில், 1977-இல், நிலைமை இப்படி இல்லை. அந்நாட்டார் வாங்கிய எஃப்-111 குண்டுவீச்சு விமானங்களின் டாங்கிகளில் அடைப்புப் பசை கெட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. பழைய பசையைக் கரைத்துச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை பூசும் வேலை, பல கட்டங்களாக 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நடைபெற்றது. குவீன்ஸ்லாந்தின் வெக்கையில், நிமிர்ந்து உட்காரவும் முடியாத அறைகளுக்குள் கரைப்பான்களின் நடுவே தவழ்ந்து வேலை செய்தவர்களுடைய உடம்பில் எஸ்.ஆர். 51 என்னும் திரவத்தின் நாற்றம் குளித்தாலும் போகாமல் ஊறிற்று. தோல் வெடித்தது; ஞாபகம் தவறியது; மனம் சோர்ந்தது. பாதுகாப்பு உறைகளும் முகமூடிகளும் விதியில் இருந்தன. ஆனால் அந்த வேலைக்கு அவை பொருந்தவில்லை, சில சமயம் போதவுமில்லை. முறையிட்டவர்களை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 2001-இல் வெளியான விமானப்படையின் சொந்த விசாரணை, 400-க்கு மேற்பட்டோர் நீண்டகாலத் தீங்குக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. அதே காலத்தில், ஒரு பம்பின் மூடியில் எத்தனை திருகாணி இருக்க வேண்டும் என்பதை அந்த விமானப்படை ஏட்டில் எழுதி வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

2005-இல் அந்நாட்டு அரசாங்கம் சிலருக்கு 40,000 டாலரும் வேறு சிலருக்கு 10,000 டாலரும் கொடுத்தது. முறையான கட்டங்களில் சேராமல், ஒழுகும் இடத்தை மட்டும் கிள்ளிப் பூசும் சில்லறை வேலை செய்தவர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. டாங்கியின் ஆவி முறையான வேலையென்றும் சில்லறை வேலையென்றும் பேதம் பார்க்காது என்பது அதிகாரிகளுக்குப் புலப்படவில்லை போலும். 2009 ஜூனில் பாராளுமன்றக் குழு ஒன்று இவர்களுடைய சாட்சியத்தையும் கேட்டு, இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சிபாரிசு செய்தது. மறு ஆண்டு அரசாங்கம் உதவியின் எல்லையை விரிவாக்கிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எஃப்-111 விமானங்களும் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டன.